வேடம் கலைக்க முடியாதவர்கள்: ரியாலிட்டி நிகழ்ச்சிகளைத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

ரியாலிட்டி நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றுக்குள் கதை கட்டுபவர்களுக்கும், படத்தொகுப்பு அறையில் விடிய விடிய அமர்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நிகழ்ச்சி முடிந்ததும் உங்கள் பெயர்கள் படிக்க முடியாத வேகத்தில் ஓடி மறைகின்றன. அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரம் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும் அந்த நேரத்தில் யாரும் உங்களைக் கவனிப்பதில்லை. ஆனால் அன்றிரவு லட்சக்கணக்கானோர் ஒரு பெண்ணைக் கெட்டவள் என்று முடிவு கட்டியிருந்தால், அந்தத் தீர்ப்புக்கான சாட்சியங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கியவர்கள் நீங்கள். திட்டுகிறவர்களுக்கு அவள் பெயர் தெரியும். கேள்வி கேட்க விரும்பும் எனக்கு உங்கள் பெயர் தெரியாது. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

இந்த நிகழ்ச்சிகளையெல்லாம் இழுத்து மூட வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. நானும் பார்க்கிறவன், சிலவற்றை விரும்பியே பார்க்கிறவன். சமுதாயமே சீரழிகிறது என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பும் கடிதங்கள் உங்களுக்கு மூட்டை மூட்டையாக வந்திருக்கும். அவற்றைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுகிறீர்கள் என்றால் அதில் எனக்கு வியப்பில்லை. என் வழக்கு குறுகியது. கதைப்படத்தில் வில்லனாக நடித்தவர் படப்பிடிப்பு முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். உங்கள் நிகழ்ச்சியில் வில்லனாக்கப்பட்டவருக்குக் கலைப்பதற்கு வேடம் ஏதும் இல்லை. பாத்திரத்தின் பெயரே அவர் பெயர், பாத்திரத்தின் முகமே அவர் முகம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், வாடகைக்கு வீடு தேடும்போதும், பெண் பார்க்கப் போகும்போதும் அந்தப் பாத்திரம் கூடவே வருகிறது. நடிகரைவிட அதிகப் பாதுகாப்பு தேவைப்படுகிறவர் அவர். நடைமுறையில் அவருக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. ஏன்?

இது நேற்று முளைத்த குறை அல்ல. அமெரிக்காவின் பொது ஒளிபரப்பான பி.பி.எஸ். 1973-இல் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அன்றாட வாழ்வைப் பன்னிரண்டு பகுதிகளாகக் காட்டியது. ரியாலிட்டி வகையின் மூதாதை என்று பலரும் சொல்வது அந்தத் தொடரைத்தான். 1971-இல் ஏழு மாதங்கள் அக்குடும்பத்தோடு கூடவே இருந்து படம்பிடித்தார்கள். எடுத்தது ஏறத்தாழ 300 மணி நேரம். காட்டியது 12 மணி நேரம். கணவனும் மனைவியும் பிரிந்தது கேமராவின் முன்னாலேயே நடந்தது. ஒளிபரப்பான பிறகு, நல்ல பொழுதுகளை விட்டுவிட்டுக் கசப்பானவற்றையே கோத்துவிட்டார்கள் என்று அக்குடும்பத்தார் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதை எடுத்தவர்கள் உங்களைவிடப் பொறுமையானவர்கள், நோக்கத்தில் தீவிரமானவர்கள். அவர்கள் கையிலேயே இந்தக் கதி என்றால், இருபத்துநான்கு மணி நேரமும் டஜன் கணக்கான கேமராக்கள் ஓடும் வீட்டிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரத்தை உருவி எடுக்கும் உங்கள் கையில் என்ன ஆகும்?

1997-இல் ஸ்வீடனில் ஒரு தீவுப் போட்டி நிகழ்ச்சி தயாரானது. பின்னர் 'சர்வைவர்' என்ற பெயரில் உலகம் சுற்றிய வடிவம் அதுதான். அதிலிருந்து முதலில் வெளியேற்றப்பட்டவர், நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன்பே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் செய்த நல்லவற்றையெல்லாம் வெட்டிவிட்டு, தன்னை ஒரு முட்டாளாகக் காட்டப்போகிறார்கள் என்று அவர் அஞ்சியதாக அவர் மனைவி பிறகு கூறினார். ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் எதைக் கண்டு அஞ்சினார் என்று பாருங்கள். தீவில் பட்ட பசியை அல்ல, தோல்வியைக்கூட அல்ல, படத்தொகுப்பை. இந்த வகை நிகழ்ச்சி உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே, அதன் முதல் போட்டியாளர்களில் ஒருவருக்கு எது ஆபத்து என்று தெரிந்திருந்தது.

உங்கள் கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பார்வையாளர்கள் பலர் இன்னும் நினைப்பது, நீளமானதைக் குறுக்குவதுதான் படத்தொகுப்பு என்று. நீங்கள் அதற்குமேல் பலவும் செய்கிறீர்கள். திங்கட்கிழமை ஒருவர் பேசிய வாக்கியத்தின் தலையையும் வியாழக்கிழமை பேசியதன் வாலையும் ஒட்டிப் புதியதொரு வாக்கியம் செய்கிறீர்கள். இதற்கு உங்கள் தொழிலில் 'ஃபிராங்கன்பைட்' என்று பெயரே இருக்கிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, முக்கியமான சொல் வரும் அந்த நொடியில் மட்டும் அவர் முகம் மறைந்து, கேட்பவரின் முகமோ அறையின் மூலையோ திரையில் வந்தால், ஒட்டு அங்கே இருக்கக்கூடும். உதடு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா! யாரோ கொட்டாவி விட்ட நொடியை எடுத்து, இன்னொருவர் அழும் காட்சிக்கு நடுவே வைத்தால் கொட்டாவி ஏளனமாகிவிடுகிறது. தனியறையில் எடுக்கும் பேட்டிகளுக்கு ஒரே உடையை அணிந்து வரச் சொன்னால், எந்த நாளில் சொன்னதையும் எந்த நாளின் நிகழ்வோடும் சேர்த்துவிடலாம். இசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பெண் கதவைத் திறந்து உள்ளே வருவதற்கு நீங்கள் போடும் மேளச் சத்தத்தில் அவள் குற்றவாளியாகிவிடுகிறாள்.

இதற்கும் முன்னால் நடப்பது வேறு. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே யாருக்கும் யாருக்கும் பற்றிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். கைபேசி, கடிகாரம், செய்தித்தாள் ஆகியவற்றைப் பறித்துவிட்டு, தூக்கத்தையும் குறைத்து, வீட்டாரின் குரலைக் கேட்கவிடாமல் வாரக்கணக்கில் அடைத்து வைத்த பிறகு ஒருவர் வெடித்தால் "இதுதான் இவருடைய உண்மை முகம்" என்று புரோமோ போடுகிறீர்கள். அந்த நிலையில் யாருக்கும் அந்த முகம் வரும். உங்களுக்கும் வரும்.

படத்தொகுப்பால் ஆளைத் தாழ்த்த மட்டும்தான் முடியும் என்பதில்லை, உயர்த்தவும் முடியும். 2004 ஜனவரியில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி அப்ரென்டிஸ்' தொடங்கியது. டொனால்ட் டிரம்ப் அதில் தவறே செய்யாத தொழிலதிபராக, ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஆட்களை வேலையிலிருந்து நீக்கினார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய சூதாட்ட விடுதி நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. திரையில் இருந்தவருக்கு அது தெரிந்ததாகவே இல்லை. அந்நிகழ்ச்சியின் படத்தொகுப்பாளர்கள் சிலர் பல ஆண்டுகளுக்குப் பிறகு பத்திரிகையாளர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினார்கள். அவர் யாரை நீக்குவார் என்று முன்கூட்டியே கணிக்க முடியாதாம். நன்றாக வேலை செய்தவரே நீக்கப்பட்டால், எடுத்த காட்சிகளையெல்லாம் மீண்டும் துழாவி, அந்த நபர் சொதப்பிய நொடிகளைப் பொறுக்கி, முடிவு சரியென்று தோன்றும்படி பின்னாலிருந்து முன்னோக்கிக் கதை கட்டியிருக்கிறார்கள். 2016-இல் அவர் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு தேர்தலுக்கு ஆயிரம் காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். இருந்தாலும் பல கோடிப் பேர் அவரை வாரந்தோறும் சந்தித்தது அந்த மேசையில்தான். அவர் தீர்க்கமாக முடிவெடுப்பவர் என்று அவர்களுக்குக் காட்டியது உங்கள் தொழில். அந்த மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்து, ஒழுங்காக வேலை செய்தும் முட்டாளாகக் காட்டப்பட்டவர்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

சட்டம் இங்கே விசித்திரமாக நடந்துகொள்கிறது. 1950-களின் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் போட்டியாளர்கள் சிலருக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்துவைத்திருந்தது அம்பலமானது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1959 நவம்பரில் 'ட்வென்டி-ஒன்' நிகழ்ச்சியின் நட்சத்திரப் போட்டியாளர் சார்லஸ் வான் டோரன் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே, போட்டி நிகழ்ச்சிகளில் முடிவை முன்கூட்டித் திட்டமிட்டு ஏமாற்றுவது குற்றம் என்று சட்டம் வந்தது. தென்கொரியாவில் 2019-இல் ஒரு பாடகர் தேர்வு நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றில், அடுத்தடுத்த இடங்களுக்கு இடையிலான வாக்கு வித்தியாசம் 29,978 என்ற ஒரே எண்ணாகப் பலமுறை திரும்பி வந்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். விசாரணை நடந்தது, தயாரிப்பாளர் 2020-இல் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சரிதான். ஆனால் வாக்குகளின் எண்ணிக்கையை மாற்றினால் சிறை, ஒரு மனிதரின் வாயில் அவர் சொல்லாத வாக்கியத்தை ஒட்டி வைத்தால் டி.ஆர்.பி. என்பது என்ன நியாயம்? பரிசுத் தொகைக்கு இருக்கும் காவல் பங்கேற்பாளரின் பெயருக்கு இல்லை.

"கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார்கள்" என்பீர்கள். போட்டார்கள். அந்த ஒப்பந்தங்களில் என்ன எழுதியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: எங்களை இழிவாகவோ சங்கடப்படுத்தும் வகையிலோ காட்டலாம், காட்டப்படுவது கற்பனையாகவும் இருக்கலாம், அதற்காக வழக்குத் தொடர மாட்டோம். உங்கள் ஒப்பந்தங்களில் பலமுறை வெளிப்பட்டிருக்கும் ஷரத்து இது. நிகழ்ச்சிக்கு 'உண்மை' என்று பெயர் வைத்துவிட்டு, ஒப்பந்தத்தில் 'கற்பனையாகவும் இருக்கலாம்' என்று எழுதி வாங்குவதை வேறு எந்தத் தொழிலில் அனுமதிப்பார்கள்? புகழுக்கு ஏங்கும் இருபது வயதுக்காரர் அறுபது பக்க ஆவணத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டா வருகிறார்!

இந்தக் கையெழுத்து வாதத்தை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. பிரான்சில், ஜோடிகளைத் தீவில் பிரித்து வைத்துச் சோதிக்கும் ஒரு நிகழ்ச்சியின் பங்கேற்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் தங்கள் வாழ்க்கையைத்தான் வாழ்ந்தார்கள், நாங்கள் படம் மட்டுமே எடுத்தோம் என்று தயாரிப்பு நிறுவனம் வாதிட்டது. 2009 ஜூன் 3 அன்று வந்த தீர்ப்பு, அவர்களைத் தொழிலாளர்கள் என்றது. எழும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் நிறுவனமே வகுத்தது, சில காட்சிகளைத் திரும்பச் செய்யவைத்தது, வெளியே போகவும் வெளியுலகோடு பேசவும் தடை விதித்தது, மீறினால் வெளியேற்றம் என்றது. இவ்வளவும் இருந்தால் அதற்குப் பெயர் வேலை. வேலை என்றால் ஊதியம் உண்டு, வேலை நேரத்துக்கு எல்லை உண்டு, ஓய்வு உண்டு. இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு எத்தனை நாடுகளில் உங்கள் தொழில் தன்னைத் திருத்திக்கொண்டது என்று எண்ணிப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சுகிறது.

அடுத்த பதிலும் தயாராக இருக்கும். எல்லாம் வெட்டி ஒட்டியது என்று பார்வையாளர்களுக்கே தெரியும், யாரும் ஏமாறவில்லை. அப்படியா? ஜப்பானின் 'டெரஸ் ஹவுஸ்' நிகழ்ச்சியில் பங்கேற்ற மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, ஒரு சச்சரவுக் காட்சி வெளியான பிறகு சமூக ஊடகங்களில் வந்து குவிந்த வசைகளுக்கு நடுவே 2020 மே மாதம் இறந்தார். வயது 22. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. வசைபாடியவர்களில் வழக்கில் சிக்கிய சிலருக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஆளுக்கு 9,000 யென். அன்றைய சட்டத்தில் அதிகபட்சமே பத்தாயிரம் யென்னுக்குள்தான். அவருடைய தாயார் ஓயவில்லை. 2022-இல் ஜப்பான் அந்தச் சட்டத்தை மாற்றி, ஓராண்டு வரை சிறை, மூன்று லட்சம் யென் வரை அபராதம் என்று கடுமையாக்கியது. அந்த வசைகளை எழுதியவர்களும் 'எல்லாம் படத்தொகுப்பு' என்று பொதுவாக அறிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அறிவு அறிவாக இருக்கும், கோபம் கோபமாக இருக்கும். அந்தக் கோபத்தைக் கிளறிவிடுவதுதான் உங்கள் புரோமோவின் வேலை. சட்டம் பிடித்தது கடைசியில் தட்டச்சு செய்த விரல்களை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பங்கேற்பாளர்களோடு இது நிற்கவில்லை, எங்களுக்கும் நேர்கிறது. நாற்பது நொடித் துண்டைப் பார்த்து ஒருவரின் குணத்தையே தீர்ப்பிடும் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் எங்களுக்கு ஊட்டியிருக்கிறீர்கள். முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேட்பது இப்போது எங்களுக்கு மந்தபுத்தியாகத் தெரிகிறது. ஒரு ஆசிரியை வகுப்பில் குரல் உயர்த்தும் காணொலித் துண்டு கைபேசியில் வந்தால், உங்கள் நிகழ்ச்சியின் வில்லிக்குக் கொடுத்த அதே தீர்ப்பை அதே வேகத்தில் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறோம். செய்தித் தொலைக்காட்சி விவாதங்களும் உங்கள் வடிவத்தையே எடுத்துக்கொண்டன. மோதுகிறவர்களாகப் பார்த்து நால்வர், நடுவில் ஒருவர், இசை, முகத்தருகே கேமரா, வென்றது யார் என்று கேட்கும் கருத்துக்கணிப்பு. விலைவாசியைப் பற்றிப் பேசினாலும் சண்டைதான் நிகழ்ச்சி.

இந்த இடத்தில் செய்தி ஊடகத்தாருக்கும் இரண்டு வரி. நேற்றிரவு காட்டப்பட்டதை இன்று காலை 'கதறி அழுதார்', 'வெளுத்து வாங்கினார்', 'முகத்திரை கிழிந்தது' என்று செய்தியாகப் போடுகிறீர்களே, அது யாரோ தொகுத்த காட்சி என்று ஒரு சொல்லாவது எழுதுகிறீர்களா? திரைப்படத்தில் நடந்த கொலையைக் குற்றச்செய்திப் பக்கத்தில் போடுவீர்களா?

விளைவுகளை அளப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். பதின்வயதில் கருவுற்ற பெண்களைப் பற்றி எம்டிவி 2009-இல் தொடங்கிய நிகழ்ச்சி, அமெரிக்காவில் பதின்வயதுப் பிறப்புகளை ஒன்றரை ஆண்டுகளில் 5.7 சதவீதம் குறைத்தது என்று இரு பொருளியலாளர்கள் 2014-இல் கணக்கிட்டார்கள். வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைப் பின்னர் மறுத்தார்கள். நல்ல விளைவானாலும் கெட்ட விளைவானாலும் இழுபறிதான். ஆனால் விளைவே இல்லை என்று நீங்கள் விளம்பரதாரர்களிடம் ஒருபோதும் சொல்வதில்லையே! முப்பது நொடி விளம்பரம் மனிதர்களை மாற்றும், மூன்று மாத நிகழ்ச்சி மாற்றாது என்பது எந்தக் கணக்கு?

மக்கள் கேட்பதைத் தருகிறோம் என்ற பல்லவியையும் விட்டுவிடுங்கள். 2007-இல் பிரிட்டனின் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டில் ஷில்பா ஷெட்டி இனவெறிப் பேச்சுக்கு ஆளானபோது, ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு 44,500-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அவர்களும் மக்கள்தான். 1994-இல் எம்டிவியின் 'தி ரியல் வேர்ல்ட்' வீட்டில் பெட்ரோ சமோரா என்ற இளைஞர் தங்கியிருந்தார். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்தவர், அதைப் பற்றிப் பள்ளிகளில் பேசிவந்தவர். அந்த நோயாளிகளைத் தொடவே அஞ்சிய காலத்தில், அவர் சமைப்பதையும் சிரிப்பதையும் காதலிப்பதையும் வீட்டுத் தோழரோடு மோதுவதையும் மக்கள் வாரந்தோறும் பார்த்தார்கள். இறுதிப் பகுதி ஒளிபரப்பான மறுநாள், நவம்பர் 11 அன்று அவர் இறந்தார். அமெரிக்க அதிபர் கிளிண்டன் அவரைப் பாராட்டிப் பேசினார். அதுவும் உங்கள் வகை நிகழ்ச்சிதான். அதிலும் சண்டை இருந்தது, படத்தொகுப்பு இருந்தது. ஒரு மனிதரை முழுதாகக் காட்டினாலும் மக்கள் பார்ப்பார்கள் என்பதற்கு உங்கள் வரலாற்றிலேயே சான்று இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை.

குழந்தைகள் பங்கேற்கும் போட்டிகளைப் பற்றி நிதானமாக எழுத எனக்கு வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை மேடையில் நிறுத்தி, முடிவைச் சொல்லாமல் இழுத்து, விளம்பர இடைவேளை விட்டு, திரும்பி வந்து, நீக்கப்பட்டாய் என்று சொல்லி, உதடு துடிக்கும் அந்த முகத்துக்கு அருகில் கேமராவைக் கொண்டுபோகிறீர்கள். கூடவே பெற்றோர் அழுவதையும் காட்டுகிறீர்கள். அந்தக் காணொலி இணையத்தில் கிடக்கும். அவன் பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போகும்போது வகுப்புத் தோழர்கள் அதைத் தேடி எடுப்பார்கள். எடுத்துப் போட அவன் சம்மதித்தானா? பெற்றோரின் சம்மதம் அவனுடைய சம்மதம் ஆகிவிடுமா? குழந்தைகள் பாடட்டும், ஆடட்டும். வெளியேற்றும் சடங்கை மட்டும் எடுத்துவிடுங்கள். அழும் குழந்தையிடமிருந்து கேமராவைத் திருப்பச் சொல்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

மற்றவற்றுக்குச் சட்டம் தேவைப்படும். பிரிட்டனில் 2019-இல், குடும்பத் தகராறுகளை மேடையேற்றிய ஜெரமி கைல் நிகழ்ச்சியின் விருந்தினர் ஒருவர் இறந்த பிறகு, பதினான்கு ஆண்டுகள் ஓடிய அந்த நிகழ்ச்சியை ஐ.டி.வி. நிறுத்தியது. நாடாளுமன்றக் குழு ஒன்று ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி விசாரித்தது. பங்கேற்பதால் கடும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் நலனில் உரிய அக்கறை எடுக்க வேண்டும் என்ற ஆஃப்காம் விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இது நல்ல தொடக்கம். ஆனால் மனநல ஆலோசகரைப் பணியமர்த்திவிட்டு, பழையபடியே வாக்கியங்களை ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? காயத்துக்குக் கட்டுப் போட ஆள் வைத்திருக்கிறோம் என்பது காயப்படுத்துவதற்கான உரிமம் அல்ல.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வெவ்வேறு நேரத்தில் பேசியவற்றை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதை அடியோடு நிறுத்துங்கள். இதில் பேரத்துக்கு இடமில்லை, அது பொய். திரும்ப எடுத்த காட்சியென்றால் திரையில் எழுதுங்கள். ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் தன்னைப் பற்றிய பகுதியை ஒளிபரப்புக்கு முன் பார்க்கும் உரிமை கொடுங்கள். வெட்டச் சொல்லும் உரிமை இல்லாவிட்டாலும், இது நான் சொன்னதல்ல என்று மறுப்புப் பதிவுசெய்யும் உரிமையாவது இருக்கட்டும். அந்த மறுப்பை அதே நேரத்தில், அதே திரையில் காட்டுங்கள். ஊதியம் கொடுங்கள், தூங்க விடுங்கள். ஒருவர் மீது வசை குவியும்போது உங்கள் அதிகாரபூர்வப் பக்கங்களில் அவர் பற்றிய புரோமோக்களின் கீழ் கருத்துப் பகுதியை மூடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த வசைகள் உங்களுக்கு 'ரீச்' தருகின்றன என்பதால்தான் மூடாமல் இருக்கிறீர்கள் என்ற என் சந்தேகம் தவறென்றால், மூடிக் காட்டுங்கள்.

இவற்றில் எதற்கும் காலம் எடுக்கும், சட்டத்துறையைக் கேட்க வேண்டும், தொலைக்காட்சி நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பதில் வரலாம். அப்படியானால் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த பருவத்துக்கான பங்கேற்பாளர் ஒப்பந்தப் படிவத்தை, ஒரு ஷரத்தும் விடாமல், உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். தேர்வுக்கு வரிசையில் நிற்பவர்கள் வீட்டிலிருந்தே படித்துவிட்டு வரட்டும். நாங்களும் படிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்